சிறிய லவுஞ்சும் நான் கட்டிய சம்பவமும்

கோலாலம்பூர்ப் பட்டிமன்றத்தில் எங்கள் அணி தோற்றது. நடுவரைக் குறை சொல்ல மாட்டேன். அவையையும் குறை சொல்ல மாட்டேன். என் உரையின் உச்சத்தில் வைத்திருந்த சம்பவத்தைச் சொல்லாமலே நான் மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். உச்சம் இல்லாத உரைக்கு எந்த நடுவர்தான் தீர்ப்பை வளைக்க முடியும்? ஏன் விட்டாய் என்று அணித்தலைவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கான விடை கோலாலம்பூரில் இல்லை. எங்கள் ஊர் விமான நிலையத்தின் பிசினஸ் லவுஞ்சில், கடல் கடப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

சிறிய விமான நிலையத்தின் லவுஞ்சில் எதை எதிர்பார்க்கலாம் என்று தோழியர் கேட்கிறார்கள். நானும் எதிர்பார்ப்போடுதான் சென்றேன். விழாக் குழுவினர் அனுப்பிய பயணச்சீட்டில் அந்தச் சொல்லைக் கண்ட நாள் முதலாக, அதற்குப் பொருத்தமான சேலையைத் தேடினேன். தொங்கும் கண்ணாடி விளக்குகள், தணிந்த குரலில் ஆங்கிலம் பேசும் பெருமக்கள், கையில் தட்டேந்திக் குனியும் பணியாளர்கள் என்று மனத்துக்குள் ஒரு மாளிகையே எழுப்பியிருந்தேன். அந்த மாளிகைக்கு மூலக்குளத்திலிருந்து அப்பாவின் ஸ்கூட்டரில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

கண்ணாடிக் கதவைத் திறந்ததும் திகைத்தேன். எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அறை இதைவிடப் பெரியது. சில சோபாக்கள், ஒலி நிறுத்தப்பட்ட ஒரு தொலைக்காட்சி, சுவரோரம் நீண்ட மேசை, அறையின் ஒரு மூலையை மறைத்து நிற்கும் மரத்தட்டி, அதன் மேல் படர்ந்த பிளாஸ்டிக் கொடி. அவ்வளவுதான். பொறுப்பில் இருந்த பெண்ணிடம், லவுஞ்ச் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கலா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அவர் என் சேலையை ஒரு முறை பார்த்தார்.

"உள்ளதான் நிக்கிறீங்க மேடம்," என்றார்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. வெண்பொங்கலில் மிளகு தாராளமாக இருந்தது. சாம்பாரில் முருங்கைக்காய் இருந்தது. வடை சூடாகவே இருந்தது. பக்கத்திலேயே வெண்ணெயும், பிறைபோல் வளைந்த பிரெஞ்சு ரொட்டியான குருவாசானும். பொங்கலையும் குருவாசானையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு எவரும் வெட்கப்படாத ஊர் எங்கள் ஊர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தேநீர் எவர்சில்வர் பிளாஸ்கில் வருகிறது. குளிர்சாதனம் கடுமையானது, போர்த்திக்கொள்ள ஏதேனும் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்த திகைப்பு, அங்கிருந்த பெருமகன். வெள்ளை வேட்டி கட்டிய பாகூர் விவசாயி ஒருவர், செருப்பைக் கழற்றிவிட்டுச் சோபாவில் சம்மணமிட்டு வடை தின்றுகொண்டிருந்தார். ஐதராபாத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறாராம். வங்கி அட்டையைத் தேய்த்தால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று மகன் சொல்லிக் கொடுத்தானாம். நான் பார்த்த பார்வை அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "சோபா ஒக்காரத்தானம்மா," என்று சொல்லிவிட்டு இன்னொரு வடைக்குக் கை நீட்டினார்.

வெளியே மழை. ஓடுதளத்தை ஒட்டிய புல்வெளியில் கொக்குகள் நனைந்துகொண்டு நின்றன. மேகம் தாழ்ந்திருப்பதால் விமானம் பெங்களூரிலிருந்து புறப்படவே தாமதமாகும் என்று அறிவித்தார்கள். காத்திருக்கும் நேரத்தை வீணாக்கும் பழக்கம் எனக்கில்லை. ஜன்னலருகே சென்று, கொக்குகளை அவையாகக் கொண்டு, உரையைத் தொடங்கினேன்.

மேடைப் பேச்சாளர் முணுமுணுத்துப் பயிற்சி செய்ய இயலாது. குரலை அவிழ்த்துவிட்டால்தான் எங்கே மூச்சு வாங்குவது, எங்கே நிறுத்துவது என்பது தெரியும். தலைப்பு, புலம்பெயர்தலால் பெற்றது மிகுதியா, இழந்தது மிகுதியா என்பது. எங்கள் அணிக்கு வாய்த்தது இழப்பு. வாதங்களை அடுக்கினேன், பின்பு சம்பவத்துக்கு வந்தேன்.

இதை விளக்கியாக வேண்டும். பட்டிமன்ற உரையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடந்ததும் ஒரு சம்பவம் வரவேண்டும். அதை உண்மைச் சம்பவம் என்றே நாங்கள் அறிமுகப்படுத்துவோம். பெரும்பாலும் அதை நாங்களே கட்டுவோம். கட்டுவதிலும் ஒரு கலை உண்டு. ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும், வீட்டு அடையாளத்தைச் சொல்ல வேண்டும், எவரும் எதிர்பாராத ஒரு சிறு விவரத்தை நடுவில் வைக்க வேண்டும். அந்தச் சிறு விவரம்தான் அவையின் கண்களை நனைக்கும். எங்கள் கல்லூரி அணியில் இதற்கு என்னைத்தான் நாடுவார்கள்.

அன்று நான் கட்டி வைத்திருந்தது இது. முத்தியால்பேட்டையில் பச்சைக் கதவு வைத்த வீடு. வீட்டுக்காரர் தந்தை வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் சென்றவர். ரொட்டிக் கடையில் இரவு வேலை. ஞாயிறுதோறும் மனைவியை அழைத்துப் பேசுவார். ஒரு நாள் அந்த அழைப்பு புதன்கிழமைக்கு மாறியது. வேலை நேரம் மாறிவிட்டது என்றார். மனைவி நம்பினாள். உண்மையில் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே வேறொரு குடும்பத்துக்கு உரியவையாகிவிட்டன. ஞாயிறு புதனாக மாறிய அந்த இடத்தில் நான் நீண்ட நிறுத்தம் வைத்திருந்தேன். நிறுத்தினேன். கொக்குகள்கூட அசையவில்லை.

கைதட்டல் கேட்டது. பாகூர்க்காரர் வடையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். தழுதழுத்த குரலில், இது நிஜமாகவே நடந்ததா என்று கேட்டார்.

"நம்ம ஊர்லயே நடந்ததுதாங்க ஐயா," என்றேன். மேடைக்கு வெளியிலும் மேடை ஒழுக்கத்தைக் கைவிடக்கூடாது என்பது என் கொள்கை.

சற்று நேரத்தில் விமானத்தின் இரைச்சல் தலைக்கு மேல் கேட்டது, வட்டமிட்டது, விலகிப் போயிற்று. தரையிறங்க முடியாமல் திரும்பிவிட்டது என்றும், எல்லோரும் மறுநாள் காலை வரலாம் என்றும் சொன்னார்கள். அப்பாவை ஸ்கூட்டரோடு திரும்ப வரவழைத்தேன். வெளியேறும்போது தட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து வந்தார்கள். அங்கே ஆட்கள் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. மூத்தவர் நறுவிசாகக் கட்டிய பட்டுச்சேலையும் தோளில் மாட்டிய கைப்பையுமாக, தொலைபேசியில் பிரெஞ்சும் தமிழும் கலந்து யாரையோ கடிந்துகொண்டிருந்தார். இளையவருக்கு முப்பது வயதிருக்கும். அவர் நின்று என்னை நெடுநேரம் பார்த்தார். என் உரை ஒரு நெஞ்சைத் தொட்டுவிட்டது என்ற நிறைவோடு வீடு திரும்பினேன்.

இரண்டாம் நாள் வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. லவுஞ்சில் பொங்கலுக்குப் பதில் கிச்சடி. மகன் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டானோ என்னவோ, பாகூர்க்காரரைக் காணவில்லை. கலா என்னைக் கண்டதும், இன்றைக்கும் பேச்சு உண்டா, உண்டென்றால் தொலைக்காட்சியை அணைத்துவிடுவதாகச் சொன்னார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நேற்றுப் பார்த்த இளைய பெண் நேராக என்னிடம் வந்து பக்கத்தில் அமர்ந்தார். பெயர் ரோசி என்றார். முத்தியால்பேட்டையில் தையல் கடை வைத்திருந்தாராம். கணவர் பாரிசுக்குப் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது கடையை மூடி, மிஷின்களை விற்று, வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு, மாமியாரோடு அவரிடம் போய்ச் சேரப் புறப்பட்டிருக்கிறார். கண்கள் வீங்கியிருந்தன. நேற்று நான் பேசிய அந்த ஆளின் பெயர் என்ன என்று கேட்டார்.

எந்த ஆள் என்றேன்.

"பாரீசுக்குப் போன ஆளு. நம்ம தெருப்பக்கம்னு சொன்னியே."

நான் சிரித்துக்கொண்டே, அப்படி ஓர் ஆளே கிடையாது, அது மேடைக்காகக் கட்டிய சம்பவம் என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. வேட்டி கட்டிய பெரியவர் கேட்டபோது நடந்ததுதான் என்று நான் சொன்னதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார். அதுவும் மேடை வழக்கம் என்றேன். அந்த வழக்கம் அவருக்குப் புரியவில்லை. புரியும்படி சொல்லவும் எனக்கு வரவில்லை.

"எங்க ஊட்டுக்காரரும் ஞாயித்துக்கெழமதான் பேசிட்டிருந்தாரு தங்கச்சி. இப்ப கொஞ்ச நாளா புதன்கெழமன்னு மாத்திட்டாரு. வேல நேரம் மாறிடுச்சுன்னாரு."

உள்ளங்கை குளிர்ந்தது. குளிர்சாதனத்தின் மேல் பழி போட முடியவில்லை.

தற்செயல் என்றேன். உலகில் எத்தனையோ கணவர்கள் எத்தனையோ கிழமைகளில் பேசுகிறார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை என்று வைக்கலாமா என்றுகூட நான் முதலில் யோசித்ததையும், புதன் என்றால் ஓசை அழகாக விழுந்ததால் அதைத் தேர்ந்ததையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, குரலைத் தணித்தார்.

"எங்க கதவு நீலம். ஆளு தெரியக்கூடாதுன்னு பச்சன்னு மாத்திச் சொன்னியா? அவரு ஓட்டல்ல வேல செய்யிறாரு. அதையும் ரொட்டிக் கடன்னு மாத்திட்ட. சொல்லு தங்கச்சி. நான் ஒன்னும் கூச்சல் போடமாட்டேன்."

நான் கட்டியவற்றில் பொருந்தாத விவரங்களும் எனக்கு எதிரான சாட்சிகளாக வந்து நின்றன. எத்தனையோ அவைகளைப் பொய்யால் உருக்கியிருக்கிறேன். அன்று ஒரே ஒருவரிடம், என் வாழ்வின் மிக எளிய உண்மையைச் சொல்லி, நம்ப வைக்க முடியாமல் நின்றேன்.

ரோசி முடிவெடுத்துவிட்டதாகச் சொன்னார். விமானம் வந்தாலும் ஏறப் போவதில்லை. தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு, வேறு மிஷின் வாங்கிப் பிழைத்துக்கொள்வாராம். நாளும் கிழமையும் பார்த்து ஓசை நயத்துக்காக நான் வைத்த ஒரு சொல், ஒரு பெண்ணின் பயணத்தை, ஒருவேளை ஒரு நல்ல மனிதரின் இல்லறத்தை, முறித்துப் போடப் போகிறது. அவருடைய மாமியாரிடம் சொன்னால் அவர் மகனைப் பற்றி எடுத்துச் சொல்லி இவரைத் தேற்றுவார் என்று நினைத்தேன். எழுந்து உணவு மேசைக்குப் போனேன்.

மாமியாரான மதாம் போலின் அங்கே குருவாசானில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அந்த அறையில் கலா உட்பட எல்லோரும் அவரை மதாம் என்றே அழைத்தார்கள். நடந்ததைத் தணிந்த குரலில் சொன்னேன்: என் பயிற்சி, என் சம்பவம், மருமகளின் சந்தேகம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, தேநீர்ப் பிளாஸ்குகள் இருந்த மூலைக்கு இழுத்துச் சென்றார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"யாரு சொன்னா ஒனக்கு?" என்றார்.

ஒருவரும் சொல்லவில்லை, நானே கட்டினேன் என்றேன்.

"பொய் சொல்லாத பாப்பா. அந்தப் பொம்பள விஷயம் எனக்கும் எம்மவளுக்கும்தான் தெரியும். எம்மவ யார்கிட்டயும் சொல்லமாட்டா. நீ யாரு ஊட்டுப் புள்ள?"

எனக்கு எதிரே இருந்த சுவர் ஒரு கணம் தொலைவுக்குப் போய்த் திரும்பி வந்தது. நான் காற்றில் கட்டிய வீட்டுக்குள் நிஜமாகவே ஆட்கள் குடியிருந்தார்கள். வேறொரு பெண், வேறொரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் அங்கே பாரிசில் நடந்துகொண்டிருந்தன. சத்தியமாக நான் கட்டியதுதான் என்று மீண்டும் சொன்னேன். அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். நான் சொல்வது மெய் என்பது அவருக்கு விளங்கிய நொடியில், தாம் எதைச் சொல்லிவிட்டோம் என்பதும் விளங்கியது. கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மூலைக்கும் தட்டிக்கும் நடுவே இரண்டு எட்டுத்தான் தொலைவு. சிறிய லவுஞ்சில் இதையும் எதிர்பார்க்கலாம்: எவர் சொல்வதும் எவருக்கும் கேட்கும். ரோசி தட்டியோரம் நின்றுகொண்டிருந்தார்.

தொலைக்காட்சியில் யாரோ ஓசையின்றிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கலா தேநீர்க் கோப்பைகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு, பிறகு அடுக்காமல் இருப்பதும் தவறோ என்று எண்ணினாற்போல மீண்டும் அடுக்கத் தொடங்கினார்.

"எத்தினி நாளாத் தெரியும் அத்த?" என்று ரோசி கேட்டார்.

மதாம் நாற்காலியில் அமர்ந்தார். போன முறை அங்கே போயிருந்தபோது தெரிய வந்ததாம். மகனைத் திட்டியிருக்கிறார், அடிக்கவும் கை ஓங்கியிருக்கிறார், அவன் தலைகுனிந்து நின்றானே தவிர அந்தப் பெண்ணை விடுவதாகச் சொல்லவில்லை. திரும்பி வந்த கையோடு மருமகளின் பயண ஏற்பாடுகளைத் தாமே ஓடியாடிச் செய்திருக்கிறார். இத்தனை காலம் வராமலே இருந்த மருமகளை, கடையை மூடு, மூடு என்று நச்சரித்துக் கிளப்பியதும் அவர்தான்.

"நீ போயி எதுருல நின்னா அவன் சரியாயிடுவான்னு நெனச்சேன்டி. சொன்னா நீ கெளம்பமாட்ட. அதான் சொல்லல."

"என்னிய மருந்துன்னு கூட்டிக்கினு போறீங்க. நோவு இன்னான்னு எனக்குச் சொல்லவே இல்ல."

மதாம் அழுதார். அழகாகக் கட்டிய சேலையோடு, முதுகு வளையாமல், சத்தமின்றி அழுதார். இரு தரப்புக்கும் பேசப் பயிற்சி பெற்றவள் நான். எந்தத் தலைப்பிலும், எந்த அணியிலும், முன்னறிவிப்பு இன்றிப் பேசுவேன் என்று மார்தட்டியவள். அன்று பேசாமல் நின்றது அடக்கத்தால் அல்ல. அதிர்ச்சியால்.

விமானம் வந்து இறங்கியது. ஜன்னல் வழியே அதன் விசிறிகள் சுழன்று ஓய்வதைப் பார்த்தோம். பயணிகள் வரலாம் என்று அறிவிப்பு வந்தது. நான் என் பையை எடுக்காமல் ரோசியைப் பார்த்தேன். கலாவும் பார்த்தார். மதாம் தலை நிமிராமல், பெட்டிகளை வெளியே எடுக்கச் சொல்லிவிடலாம், வீட்டுக்குப் போகலாம், குடிவந்தவர்களிடம் தாமே பேசி வீட்டைத் திரும்ப வாங்கித் தருவதாகச் சொன்னார். மிஷினும் வாங்கித் தருகிறாராம்.

ரோசி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கைப்பையைத் தோளில் மாட்டினார். மாமியாரின் எதிரே போய் நின்றார்.

"அவரு பொண்டாட்டி நான்தான்னு பிரெஞ்சுல எப்பிடிச் சொல்றது?"

மதாமுக்கு முதலில் காதில் விழாதது போல இருந்தது. ரோசி மறுபடியும் கேட்டார். பாரிசுக்குப் போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னார். மகனைத் திருத்துவதற்காக அல்ல. அது அம்மாவின் வேலை. அந்த வீட்டுக் கதவை யார் திறந்தாலும், அவர்களுக்குப் புரியும் மொழியில், தன் வாயால் ஒரு முறை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு தங்குவதா திரும்புவதா என்பதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஊமை போல மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு தன்னால் நிற்க முடியாதாம்.

மதாம் எழுந்தார். கன்னத்தைத் துடைக்க மறந்துவிட்டார்.

"ழெ சுய் சா ஃபாம்," என்றார்.

"ஜெ சுயி சா பாம்."

"ஜெ இல்ல. ழெ. நெஞ்ச நிமித்திச் சொல்லு."

வரிசை நகர்ந்தது. அவர்கள் எனக்கு முன்னால் நின்றார்கள். கண்ணாடிக் கதவைத் தாண்டி, வெயில் காயும் தளத்தில் விமானத்தை நோக்கி நடந்தோம். ரோசி சொல்லிப் பார்த்தார். மாமியார் தம் கீழுதட்டைப் பல்லால் தொட்டுக் காட்டி, காற்று எங்கிருந்து வரவேண்டும் என்று திருத்தினார். மீண்டும் சொன்னார், மீண்டும் திருத்தினார். படிக்கட்டின் அடியில் ஊழியர் பயணச்சீட்டைக் கேட்டபோதும் அந்த வாக்கியம் நிற்கவில்லை.

பாதிப் படியில் ரோசி நின்று, மாமியார் பக்கம் திரும்பி, அவர் கண்ணை நேராகப் பார்த்து அதைச் சொன்னார். விசிறி இரைச்சலையும் மீறித் தெளிவாகக் கேட்டது. இந்த முறை மதாம் திருத்தவில்லை.